இடது பக்க ஸ்விட்ச்

நவம்பர் 10, ஞாயிறு

என் ஆர்.டி. 350 பைக்கின் ஹேண்டில்பாரிலிருந்து இடது பக்க ஸ்விட்ச் பெட்டியை இன்று கழற்றினேன். வண்டியை மூடியிருக்கும் தார்ப்பாயை முன்பக்கம் மட்டும் விலக்கினால் போதுமாக இருந்தது. இரண்டே திருகுகள். ஒன்று சொன்ன பேச்சைக் கேட்டது. இன்னொன்றின் தலை துருவேறிக் கிடந்தது. மண்ணெண்ணெய் விட்டு, போய்க் காப்பி குடித்துவிட்டு வந்து திருகினேன். வந்துவிட்டது.

அலுமினியப் பெட்டி. நாற்பது வருஷத்து வண்டி என்பதால் விளிம்புகளில் கறுப்புப் பெயின்ட் உரிந்து உலோகம் தெரிகிறது. ஹார்ன் என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பதில் கடைசி எழுத்துக்கு மட்டும் கொஞ்சம் வெள்ளை மிச்சம் இருக்கிறது. எனக்கு முன்னால் வைத்திருந்தவர்களின் கட்டைவிரல்கள் தேய்த்துத் தேய்த்து அழித்தது. என் கட்டைவிரலும் ஆறு வருஷம் தேய்த்திருக்கிறது.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள், எஞ்சினை ஓடவிட்டபடி பின்சக்கரத்துச் செயினைத் துடைத்தேன். துணி மாட்டியது. துணியோடு இடது கையும் போனது. கட்டைவிரல் அடியோடு போய்விட்டது. திரும்ப ஒட்டவைத்துப் பார்த்தார்கள், பிடிக்கவில்லை. எழுதியாயிற்று. இனி இதைப் பற்றி எழுத வேண்டியதில்லை.

வண்டியின் பின்பக்கம் மூடியே இருக்கட்டும். அங்கே இப்போது வேலை ஒன்றும் இல்லை.

நவம்பர் 12

சாப்பாட்டு மேசையில் பழைய செய்தித்தாளை விரித்துப் பெட்டியைப் பிரித்தேன். இடது கையில் நான்கு விரல்கள் இருக்கின்றன, உள்ளங்கை இருக்கிறது. அழுத்திப் பிடிக்க அது போதும் என்று நினைத்தேன்.

சுகந்தி நூலகத்திலிருந்து வந்து, புடவை மாற்றாமலே எதிரில் உட்கார்ந்தாள். மகளிர் கல்லூரியில் நூலகர். நாள் முழுக்கப் பெண்களைப் பேசாதே என்று சொல்லிவிட்டு வருவதால் வீட்டில் நிறையப் பேசுவாள். இன்று என் கையிலிருந்த பெட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏனுங்க, அதை நான் புடிச்சுக்கட்டுங்களா?"

"வேண்டாம்."

இண்டிகேட்டர் ஸ்விட்சுக்குள் ஒரு சின்ன ஸ்பிரிங், அதன் தலையில் கடுகை விடக் கொஞ்சம் பெரிய இரும்புக் குண்டு. அது இருப்பதால்தான் தள்ளும்போது டிக்கென்று நிற்கும். பெட்டி கைநழுவி, ஸ்பிரிங் ஒரு பக்கம், குண்டு ஒரு பக்கம் பறந்தன. சுகந்தி டார்ச்சை எடுத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து தேடினாள். பிரிட்ஜுக்கு அடியில் கை விட்டாள். நான் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணில் பெட்ரோல் பட்டதுபோல எரிந்தது. உள்ளே போய் முகம் கழுவிக்கொண்டு வந்தேன்.

"பெட்ரோல் பட்டிருச்சு," என்றேன்.

"இங்க ஏதுங்க பெட்ரோல்?" என்றாள், தரையிலிருந்தபடியே. பிறகு, "கிடைச்சிருச்சுங்க," என்று உள்ளங்கையைக் காட்டினாள்.

நவம்பர் 15

தலைமையாசிரியர் போன் செய்தார். எட்டாம் வகுப்புக்குப் புவியியல் எடுக்க ஆளில்லை, பையன்கள் மைதானத்திலேயே கிடக்கிறார்கள் என்றார். "எழுதறது வலது கைதானே மோகனசுந்தரம்? உட்கார்ந்தே பாடம் எடுங்க, யார் என்ன சொல்லப் போறாங்க?" என்றார். ஜனவரி வரை ஓய்வெடுக்க டாக்டர் சொல்லியிருக்கிறார் என்றேன்.

டாக்டர் அப்படிச் சொல்லவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பார்.

நவம்பர் 17

பொள்ளாச்சியில் சுகந்தியின் சித்தப்பா மகளுக்குக் கல்யாணம். அவள் மட்டும் போய்வந்தாள். நான் வீட்டில் பெட்டியோடு உட்கார்ந்தேன். ஸ்விட்சுக்குள் தாமிரத் தொடுமுனைகள் கறுத்துப் போயிருந்தன. எலுமிச்சம்பழச் சாற்றில் ஊறவைத்து, பழைய பல் தேய்க்கும் பிரஷால் தேய்த்தேன். புதுக் காசுபோல ஆகிவிட்டன. மொய்க் கவரை அவளிடமே கொடுத்தனுப்பினேன்.

நவம்பர் 24

உக்கடம் போனேன். இடது கை மேல் துணிப்பையைப் போட்டுக்கொண்டு பஸ்ஸில் நின்றேன்.

ஹபீப் பாய் பழைய வண்டிகளின் உதிரிபாகம் விற்கிறவர். கடை என்று சொல்ல முடியாது, பாகங்களுக்கு நடுவில் அவருக்கு உட்கார ஒரு இடம். இண்டிகேட்டரின் தேய்ந்த பிளாஸ்டிக் துண்டைக் காட்டினேன். ஒரு டப்பாவைக் கவிழ்த்துக் கிளற ஆரம்பித்தார்.

"பைக்குள்ள என்ன சார், பூனைக்குட்டியா? வெளியவே எடுக்க மாட்டேங்கறீங்க?"

பையை எடுத்தேன். பார்த்தார். முகம் மாறவில்லை.

"செயினா?"

"ஆமா பாய்."

"எஞ்சின் ஓடிட்டு இருந்துச்சா?"

"ஆமா."

"அல்லா," என்றார். மறுபடி கிளற ஆரம்பித்தார். கடைசியில் ஒரு துண்டை எடுத்து, என் வலது கையில் கொடுக்காமல், இடது கையின் நான்கு விரல்களுக்கு நடுவில் வைத்தார். அது விழுந்தது. மறுபடி எடுத்து வைத்தார். "எந்தக் கையில வாங்கறீங்களோ அந்தக் கைதான் சார் பழகும்," என்றார். எனக்குக் கோபம் வந்தது. பஸ்ஸில் வரும்போதும் போகவில்லை.

துண்டு சரியாகப் பொருந்தியது.

டிசம்பர் 3

கை அறுவை மருத்துவர் வத்சலாவிடம் போனோம். காயம் நன்றாக ஆறிவிட்டது என்றார். பிறகு நாற்காலியை எங்கள் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"கால் பெருவிரலை எடுத்துக் கையில வைக்கலாம். ரத்தக் குழாய், நரம்பு, எலும்பு எல்லாத்தையும் சேர்த்து. நல்லாப் பிடிக்க வரும். பார்க்கவும் ஓரளவு கட்டைவிரல் மாதிரியே இருக்கும்."

"எந்தக் கால் டாக்டர்?" என்று சுகந்தி கேட்டாள்.

"இடது கால்தான் இவருக்குத் தோதா இருக்கு."

"இடது கால்லதான் கியர்," என்றேன்.

டாக்டருக்குப் புரியவில்லை. விளக்கினேன். ஆர்.டி.யில் கியர் இடது கால் பக்கம். முதல் கியருக்கு மிதிக்க வேண்டும், மற்ற எல்லாவற்றுக்கும் பெருவிரலை அடியில் விட்டுத் தூக்க வேண்டும். ஹார்ன், இண்டிகேட்டர், ஹெட்லைட் டிம் எல்லாம் இடது கைக் கட்டைவிரலில். ஆகவே ஹார்ன் வேண்டுமானால் கியர் போய்விடும்.

"வலது கால்ல எடுத்தா?"

"அதுலதான் பிரேக். கிக்கரும் அந்தப் பக்கம்தான்."

டாக்டர் சிரிக்கவில்லை. "யோசிங்க. அவசரமில்ல. ஆனா ரொம்ப நாள் தள்ளாதீங்க," என்றார்.

டிசம்பர் 8

சுகந்தியிடம் ஒரு காகிதத்தில் கால், கியர் லீவர் எல்லாம் படம் போட்டுக் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தாள்.

"ஏனுங்க, நீங்க சட்டைப் பொத்தான் போடறதுக்கே என்னைக் கூப்புடறீங்க. தண்ணி பாட்டிலைத் தொடையில இடுக்கித் தொறக்கறீங்க. இப்ப கியர்தான் பிரச்சினைங்களா?"

"வண்டி ஓட்டுறவனுக்குத்தான் தெரியும்."

"கால் விரல் இல்லீன்னா ஷூவுக்குள்ள யாருக்குந் தெரியாது. கையில கால் விரல் இருந்தா ஊருக்கே தெரியும். அதுதானுங்களே?"

படத்தை மடித்து வைத்தேன். இரவு அவள் வேறு பேச்சுப் பேசினாள். நான் பெட்டியின் பழைய பெயின்டைச் சுரண்டினேன்.

டிசம்பர் 9

மழை. பெயின்ட் காயாது.

டிசம்பர் 14

மதியம் தூங்கி எழுந்தபோது வீட்டில் சத்தமே இல்லை. ஜன்னல் வழியாகப் பார்த்தேன். போர்டிகோவில் தார்ப்பாய் கீழே கிடந்தது. சுகந்தி வண்டியின் முன் சீட்டில் உட்கார்ந்திருந்தாள். இத்தனை வருஷத்தில் பின் சீட்டைத் தவிர வேறு எங்கும் உட்காராதவள். நைட்டியை முழங்கால் வரை சுருட்டியிருந்தாள், காலில் என்னுடைய பழைய ஷூ. ஷூவுக்குள் பெருவிரலை மடக்கித் துணியால் கட்டியிருந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது.

கியர் லீவரைத் தூக்கினாள். வழுக்கியது. மறுபடி தூக்கினாள். பாதத்தை இன்னும் உள்ளே தள்ளி, புறங்காலால் தூக்கினாள். டொக். நின்றுகொண்டிருக்கும் வண்டி என்பதால் சில கியர்கள் விழவில்லை. வண்டியைக் காலால் முன்னும் பின்னும் கொஞ்சம் உந்திவிட்டு மறுபடி தூக்கினாள். டொக். அதே மாதிரி ஆறு கியரும் போனாள். பிறகு ஒவ்வொன்றாக மிதித்து இறங்கினாள். பக்கத்து வீட்டு ராஜம்மாள் சுவருக்கு மேலிருந்து, "என்ன டீச்சரம்மா, ரேஸுக்குப் போறீங்களா?" என்று கேட்டாள். பள்ளி வாத்தியார் பெண்டாட்டி என்பதால் ராஜம்மாளுக்கு இவளும் டீச்சர்தான். "ஆமாங்க, ஊட்டிக்கு," என்றாள் சுகந்தி.

நான் வெளியே போனேன்.

"பாருங்க," என்றாள். "விரலே வேண்டாமுங்க. புறங்கால் போதும். ஷூ கொஞ்சம் கெட்டியா வேணும், அவ்வளவுதான்."

ஷூவைக் கழற்றி, துணியை அவிழ்த்தாள். விரல் சிவந்து போயிருந்தது. புறங்காலில் தோல் வழன்றிருந்தது. போர்டிகோப் படியில் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளிடம் ஒன்று சொன்னேன். அதை இங்கே எழுதத் தேவையில்லை. அவள், "எனக்கு மட்டும் பயம் இல்லீங்களா?" என்றாள்.

டிசம்பர் 16

டாக்டருக்குப் போன் செய்தேன். அறுவைக்குப் பொங்கல் முடிந்ததும் தேதி.

டிசம்பர் 29

பெட்டிக்கு மங்கலான கறுப்பு அடித்து நன்றாகக் காய்ந்துவிட்டது. பளபளக்கும் கறுப்பு அடித்தால் பொம்மை மாதிரி ஆகிவிடும். இன்று எழுத்துகளுக்கு வெள்ளை. பள்ளத்தில் பெயின்டை நிரப்பி, மேலே வழிந்ததைத் தின்னர் தொட்ட துணியை அட்டையில் சுற்றி இழுத்துத் துடைக்க வேண்டும். அழுத்தினால் பள்ளத்தில் இருப்பதும் வந்துவிடும்.

பெட்டியைப் பிடித்துக்கொள்ள என்னால் முடியவில்லை. "நீ நிரப்பு, நான் சொல்றேன்," என்றேன். புத்தகங்களுக்கு எண் எழுதிப் பழகிய கை. நான் சொல்வதற்கு முன்பே முடித்துவிட்டாள். துடைக்கும்போது ஒரு எழுத்து கொஞ்சம் அழிந்தது. மறுபடி போடலாம் என்றேன். "இருக்கட்டுமுங்க, புதுசு மாதிரி இருக்கக் கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க," என்றாள். இருக்கட்டும்.

ஜனவரி 20

ஆஸ்பத்திரி. நாளை காலையில். சுகந்தி என் இடது காலை மடியில் வைத்து நகம் வெட்டினாள். பெருவிரலுக்கு வந்ததும் கொஞ்சம் நிறுத்தினாள்.

"இனி இதைக் கையிலதான் வெட்டணும்," என்றாள்.

நர்ஸ் வந்து காலில் பேனாவால் கோடு போட்டுவிட்டுப் போனாள்.

ஜனவரி 30

இன்றுதான் நோட்டை எடுக்க முடிந்தது. அறுவை சிகிச்சை நாள் முழுக்க நடந்ததாம். எனக்கு ஒன்றும் தெரியாது. அதற்கு மறுநாள் விரல் நீலமாகத் தொடங்கியிருக்கிறது. ரத்தம் உள்ளே போகிறது, வெளியே வர வழியில்லை என்றார்கள். முதலில் கவனித்தது சுகந்தி. நர்ஸ் வந்து பார்க்கும் நேரத்துக்குக் காத்திருக்காமல் வராந்தாவில் கத்தியிருக்கிறாள். நூலகத்தில் ஒருநாளும் கத்தாதவள். மறுபடியும் உள்ளே கொண்டுபோய், அடைத்த குழாயை எடுத்துவிட்டு வேறு தைத்தார்கள்.

விழித்தபோது டாக்டர் வத்சலா விரல் நுனியை அழுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். வெளுத்தது, மெல்லச் சிவந்தது. "இப்பதான் எனக்குப் பசிக்குது," என்றார்.

சுகந்தி நாற்காலியிலேயே தூங்கிக்கொண்டிருந்தாள். வாய் திறந்திருந்தது.

பிப்ரவரி 23

வீடு. காலில் கட்டுடன் சுவரைப் பிடித்து நடக்கிறேன். குளியலறை வரை ஒரு யாத்திரை.

கையில் ஒரு விரல் இருக்கிறது. சூடாக இருக்கிறது, உயிருடன் இருக்கிறது, நகம்கூட வளர்கிறது. ஆனால் தொட்டால் எனக்குத் தெரியவில்லை. யாரோ விருந்தாளி என் கையில் வந்து உட்கார்ந்திருப்பதுபோல. நரம்பு மெதுவாகத்தான் வளரும், மாதக்கணக்கில் ஆகும், சூட்டுப் பாத்திரம் எதையும் தொடாதீர்கள் என்று சொல்லியிருக்கிறார்கள். தட்டையாகவும் அகலமாகவும் இருக்கிறது. கால் விரல் என்று யாருக்கும் பார்த்ததும் தெரியும்.

மார்ச் 18

கைப் பயிற்சி தரும் பெண், ஜெபா. மரக் குச்சிகளைத் துளைகளில் செருகச் சொல்கிறாள். களிமண்ணைப் பிசையச் சொல்கிறாள். சலித்துவிட்டது. இன்று ஸ்விட்ச் பெட்டியைக் கொண்டுபோனேன்.

"இது என்ன சார்?"

"இடது கைக் கட்டைவிரலுக்குன்னே செஞ்சது."

இண்டிகேட்டரை இடமும் வலமும் தள்ளச் சொல்லிப் பார்த்தாள். தள்ளினேன். விரல் எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்த்தால்தான் தள்ள முடிகிறது. வேறு பக்கம் பார்த்தால் விரல் சும்மா நிற்கிறது. "குச்சியெல்லாம் தூக்கிப் போட்டுரலாம் சார். இதையே தினமும் செய்யுங்க," என்றாள்.

கையில் சுற்றியிருக்கும் கட்டைப் பிரித்துவிடலாம் என்றும் சொன்னாள். வீட்டில் பிரித்திருக்கிறேன். வெளியே போகும்போது சுற்றிக்கொள்கிறேன், தூசி படுமே என்று.

ஏப்ரல் 13

வயர்களை மாற்றி, குண்டையும் ஸ்பிரிங்கையும் உள்ளே வைத்துப் பெட்டியை மூடினேன். ஸ்பிரிங்கை வலது கையால் அழுத்தி, குண்டை இடது கையின் சுட்டுவிரலுக்கும் புது விரலுக்கும் நடுவில் பிடித்து வைக்க வேண்டும். சுகந்தி பக்கத்தில் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள். கட்டாவிட்டால் உதவிவிடுவாள் என்று அவளுக்கே பயம்.

பல தடவை விழுந்தது. ஒரு தடவை விழவில்லை.

ஜூன் 2

பள்ளி திறந்தது. எட்டாம் வகுப்பு. காற்று எப்படி வீசுகிறது என்ற பாடம். இடது கை பேன்ட் பாக்கெட்டில் இருந்தது. உலக உருண்டையை வலது கையாலேயே சுழற்றிக் காட்டிவிடலாம். வரைபடத்தைச் சுருட்டத்தான் முடியவில்லை. அப்படியே மேசையில் விட்டு வந்தேன்.

ஜூன் 20

மூன்று வாரம் பாக்கெட்டில் கை. பாக்கெட் கிழிந்துவிட்டது. சுகந்தி தைத்துக் கொடுத்தாள்.

ஜூலை 13, ஞாயிறு

தார்ப்பாயை முழுவதும் எடுத்தேன். ஸ்விட்ச் பெட்டியை ஹேண்டில்பாரில் பொருத்தி, வயர்களை இணைத்தாயிற்று. மீதி ஒரு வேலைதான். செயின் துருப்பிடித்து ஆரஞ்சு நிறமாகியிருந்தது. இப்படியே ஓட்டினால் அறுந்துவிடும்.

பின்சக்கரத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எழுந்து போய்த் தண்ணீர் குடித்தேன். மறுபடி உட்கார்ந்தேன்.

சுகந்தி வந்தாள். வண்டிச் சாவியை எடுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். ஸ்பார்க் பிளக் வயர் இரண்டையும் தானே பிடுங்கிவிட்டாள். பிறகு எனக்கு எதிரில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, "இப்ப செய்யுங்க. நான் சக்கரத்தைக் கையில உருட்டறேன்," என்றாள். அவள் உருட்ட உருட்ட, நான் மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்தேன். கல்லூரியில் புதிதாக வந்திருக்கும் முதல்வரைப் பற்றிச் சொல்லிக்கொண்டே இருந்தாள். எந்தக் கதையும் என் காதில் விழவில்லை. அவள் நிறுத்தவும் இல்லை.

முடிந்தபோது சட்டை முழுக்க வேர்வையில் நனைந்திருந்தது.

ஜூலை 27

தெருவில் ஒரு சுற்று. கெட்டியான தோல் ஷூ. புறங்காலால் கியர் விழுகிறது. ராஜம்மாள் கைதட்டினாள்.

ஆகஸ்ட் 11, திங்கள்

பெரிய சாலையில் முதல் தடவை. சுகந்தியைக் கல்லூரியில் இறக்கிவிட்டுப் பள்ளிக்குப் போவதாகத் திட்டம். கையில் கட்டு இல்லை. அதைச் சுற்றிக்கொண்டு கிளட்ச் பிடிக்க முடியாது.

விரலில் இப்போது சூடு கொஞ்சம் தெரிகிறது. அழுத்திக் கிள்ளினால் தெரிகிறது. லேசாகத் தொட்டால் தெரிவதில்லை. போகப் போகத் தெரியலாம், தெரியாமலும் போகலாம் என்று டாக்டர் போனவாரம் சொன்னார். சரி என்றேன்.

லட்சுமி மில் சிக்னலில் சிவப்பு. முன்னால் ஆட்டோ, பக்கத்தில் டவுன் பஸ், பின்னால் ஒரு ஸ்கூட்டர். எவனோ ஒருத்தன் ஹார்னை விடாமல் அடித்துக்கொண்டிருந்தான். சிவப்பு விளக்கில் நின்றுகொண்டு ஹார்ன் அடிப்பவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. அவன் நிறுத்துவதாக இல்லை. திரும்பிப் பின்னால் முறைத்தேன். ஸ்கூட்டரில் இருந்த பெண் பதிலுக்கு என்னை முறைத்தாள்.

ஆட்டோக்காரர் தலையை வெளியே நீட்டினார்.

"யோவ், கைய எடுய்யா! காது போகுது!"

என்னைத்தான். குனிந்து பார்த்தேன். புது விரல் ஹார்ன் பட்டன் மேல் சுகமாகப் படுத்திருந்தது.

கையை எடுத்தேன். ஊரே அமைதியானது. எடுத்த கையை அப்படியே உயர்த்தி, மன்னித்துக்கொள்ளுங்கள் என்பதுபோல ஆட்டினேன். முன்னால் ஆட்டோவுக்கு, பின்னால் ஸ்கூட்டருக்கு, பஸ் ஜன்னலில் எட்டிப் பார்த்தவர்களுக்கு. எல்லாரும் பார்த்தார்கள். ஆட்டோக்காரர் என் கையையும் பார்த்தார், முகத்தையும் பார்த்தார்.

"சிக்னல் போட்டாத்தானய்யா போக முடியும்? நீ அடிச்சா மாறிருமா?" என்று சொல்லிவிட்டுத் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார்.

அவ்வளவுதான். வேறு யாரும் ஒன்றும் சொல்லவில்லை.

முதுகில் சுகந்தியின் நெற்றி முட்டியது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக்கொண்டிருந்தாள். "நானும் யாரோன்னு நெனச்சேனுங்க," என்றாள், மூச்சு வாங்கிக்கொண்டு. "மனசுக்குள்ள திட்டிட்டே இருந்தேன்." பச்சை விழுந்தபோதும் அவள் சிரிப்பு நிற்கவில்லை. வண்டியை ஓரம் கட்ட வேண்டியிருந்தது.

இன்று பள்ளியில் வரைபடத்தைச் சுருட்டி எடுத்து வந்தேன்.

ஹார்ன் ஸ்பிரிங் மிகவும் மெது. ஞாயிற்றுக்கிழமை உக்கடம் போய்க் கொஞ்சம் விறைப்பாக ஒன்று வாங்க வேண்டும்.